கர்ப்பிணிக்குக் காய்ச்சலா? முதலில் தேதியை எழுதுங்கள்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். இங்கே மழையும் வெயிலும் மாறி மாறி வந்தாலே டெங்கு எட்டிப் பார்த்துவிடும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவருக்குக் காய்ச்சல் என்றால் நான் முதலில் சொல்வது இதுதான்: காய்ச்சல் தொடங்கிய தேதியையும் நேரத்தையும் கர்ப்பிணி அட்டையில் எழுதுங்கள். "ரெண்டு மூணு நாளா இருக்கு சிஸ்டர்" என்பது போதாது. எந்தப் பரிசோதனை, எந்த நாளில் உஷார் என்பதெல்லாம் அந்தத் தேதியை வைத்துத்தான்.

முதல் ஐந்து நாட்களுக்குள் வந்தால் ரத்தத்தில் என்.எஸ்.1, அதாவது டெங்குக் கிருமியின் புரதம், இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐந்து நாள் தாண்டிவிட்டால், கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளைப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் கோடு காட்டும் கார்டு டெஸ்டை மட்டும் நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அரசு மருத்துவமனை லேப்பில் செய்யும் எலைசா என்ற ரத்தப் பரிசோதனைதான் நம்பகமானது. 'நெகட்டிவ்' வந்தும் காய்ச்சல் விடவில்லையா, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மலேரியா எல்லாமும் இப்படித்தான் தொடங்கும்.

எல்லாரும் பிளேட்லெட் எவ்வளவு என்றே கேட்கிறார்கள். நான் அதற்குப் பக்கத்து வரியில் இருக்கும் பி.சி.வி.யைத்தான், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதைத்தான், முதலில் பார்ப்பேன். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதால் வருகிறது. நீர் கசிந்தால் ரத்தம் கெட்டியாகி பி.சி.வி. ஏறும். கர்ப்பிணிக்கு அது இயல்பிலேயே குறைவு என்பதுதான் சிக்கல். அட்டையில் போன மாதம் ஹீமோகுளோபின் 11 என்றிருந்தால், மூன்றால் பெருக்குங்கள்; பி.சி.வி. ஏறக்குறைய 33. இன்று 40 என்று வருகிறது. லேப் தாளில் அது 'நார்மல்' கட்டத்துக்குள்தான் இருக்கும். ஆனால் இவருக்கு அது இருபது சதவீத ஏற்றம், கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். அதனால் பழைய அட்டையில்லாமல் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி போகாதீர்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை கண்ணை எடுக்கக் கூடாது. காய்ச்சல் விட்டதும் மாமியார் குளிக்க வார்த்து, ரசம் சாதம் ஊட்டி, "சரியாப் போச்சு" என்பார். கசிவு மோசமாவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். விடாத வயிற்று வலி, அடங்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிறப்புறுப்பில் ரத்தக்கசிவு, தூக்கக் கலக்கம் அல்லது நிலைகொள்ளாமை, கைகால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, குழந்தையின் அசைவு குறைவது: இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். உண்மையில் அவ்வளவு தூரம் போகவே விடக் கூடாது. டெங்கு என்று தெரிந்த கர்ப்பிணியை, அபாய அறிகுறி இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி.

மாத்திரை பாராசிட்டமால் மட்டும். டாக்டர் சொன்ன அளவில், ஆறு மணி நேர இடைவெளி விட்டு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ளவும் வேண்டாம், உள்ளே ரத்தம் கட்டும். ரத்த அழுத்தத்துக்கு முன்னெச்சரிக்கையாகச் சிலருக்குச் சின்ன ஆஸ்பிரின் கொடுத்திருப்பார்கள். அதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் ஊரே குடிக்கட்டும், கர்ப்பிணிக்கு வேண்டாம். இதில் எனக்கும் பல பாட்டிமாருக்கும் ஒத்துப்போவதில்லை, பரவாயில்லை. வெறும் தண்ணீரை விட ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி, இளநீர் நல்லது. "நாலு பாட்டில் டிரிப்ஸ் ஏத்துங்க" என்று சண்டை போடாதீர்கள். கூடிப்போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

பேறுகாலம் நெருங்கிய நேரத்தில் வந்தால் ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரிதான். அவசியம் இல்லாமல் அந்த நாட்களில் பிரசவத்தைத் தூண்டவோ சிசேரியன் செய்யவோ மாட்டார்கள். பிறந்த குழந்தையையும் சில நாள் கவனிப்பார்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

அப்புறம் ஜிகா, டெங்குவைப் பரப்பும் அதே கொசு பரப்பும் இன்னொரு வைரஸ் காய்ச்சல். 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா பாதிப்பு தெரியவந்தது நம் எல்லையான களியக்காவிளை தாண்டியதும் வரும் பாறசாலையில், அதுவும் ஒரு கர்ப்பிணிக்கு. லேசான காய்ச்சல், உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு, மூட்டு வலி, அவ்வளவுதான். ஆனால் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. ரத்தம், சிறுநீர் இரண்டிலும் வைரஸைக் கண்டுபிடிக்கும் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை எடுப்பார்கள். உறுதியானால் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். உடலுறவு வழியாகவும் பரவும் என்பதால், ஜிகா உள்ள ஊருக்குக் கணவர் போய் வந்திருந்தால் பிரசவம் வரை ஆணுறை வேண்டும். இதை மாமியார் முன்னால் சொல்ல முடியாது. கணவரைத் தனியே கூப்பிட்டுத்தான் சொல்வேன்.

டெங்குவையும் ஜிகாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. மதியத் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள். தொட்டியை வாரம் ஒருமுறை காலி செய்து, சுவரைப் பிரஷ்ஷால் தேயுங்கள். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது. ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டையும் பாருங்கள். வீட்டை ஒட்டி ரப்பர் மரம் நின்றால், பால் வெட்டு இல்லாத மழை நாட்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். தோட்டக்காரர் கேட்கவில்லையென்றால் வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்கும் பஞ்சாயத்தின் டி.பி.சி. பணியாளரைக் கூட்டிக்கொண்டு போய், ஒரு சிரட்டையில் நெளியும் புழுவைக் காட்டுங்கள்.