குடியை விட்டவரைக் கல்யாணம் செய்யலாமா?

"முன்னாடி ரொம்பக் குடிச்சேன், இப்போ விட்டுட்டேன்" என்று கல்யாணத்துக்கு முன்பே அவராகச் சொன்னால் நல்ல அறிகுறி. அதை மட்டும் நம்பிப் பத்திரிகை அடிக்காதீர்கள்.

கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேளுங்கள். 3 மாதம் தாண்டி 12 மாதத்துக்குள் என்றால், மருத்துவக் கணக்கில் அது தொடக்கநிலை மீட்சிதான். வருஷம் முடியும்வரை தேதியைத் தள்ளிப்போடுங்கள். வீட்டில் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. மறுபடி ஆசை கிளம்பினால் யாருக்குப் போன் போடுவார்? டாக்டர், ஏஏ (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்து நண்பர் என்று ஒரு ஆளைச் சொல்ல வேண்டும். "மன உறுதி போதும்" என்பது பதில் இல்லை. கடன், வழக்கு இருந்தால் காகிதத்தைப் பாருங்கள்.

கை நீட்டுகிற பழக்கம் இருந்ததா? அது குடியோடு சேர்ந்து போய்விடும் என்று நம்பாதீர்கள். அங்கே எங்கள் பதில்: வேண்டாம்.

குடிக்காமல் இருக்கக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அரிஷ்டமும் ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்பும் கூடாது. முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி 14 நாள் வரைகூட இந்த ஆபத்து உண்டு. இந்த மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுப்பதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

மறுபடி தினசரிக் குடியாகிவிட்டால் அறையில் பூட்டிக் குடியைத் திடீரென நிறுத்தப் பார்க்காதீர்கள். 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். ஆஸ்பத்திரியில்தான் நிறுத்த வேண்டும். குடியை நிறுத்த வழி கேட்க, இலவச உதவி எண் 14446.