சிரிப்பு வீடியோவை அனுப்புவதைவிடச் சேர்ந்து பாருங்கள்

சூரமங்கலத்தில் இருக்கும் பாட்டிக்கு ஒரு சிரிப்பு வீடியோவை அனுப்பினால், அவர் தனியாகப் பார்த்துவிட்டு ஒரு மஞ்சள் முகத்தைத் தட்டி அனுப்புவதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அதையே வாட்ஸ்அப் வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்து சேர்ந்து பாருங்கள். தனிமையில் இருப்பதைவிடப் பிறருடன் இருக்கும்போது மனிதர்கள் ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ப்ரோவைன் கண்டறிந்தார்.

சிரிப்பொலியைக் கேட்டாலே சிரிப்பு தொற்றிக்கொள்ளும் என்பதால், யாரும் மைக்கை அணைத்து வைக்க வேண்டாம். வீடியோவின் ஒலியைச் சற்றுக் குறைத்து வையுங்கள், எதிரொலி கேட்டால் ஒருவர் இயர்போன் மாட்டிக்கொண்டால் போதும்.

ஏற்காட்டில் சிக்னல் தடுமாறும் காபித் தோட்டப் பக்கம் இருப்பவர்கள், இரு வீட்டிலும் வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, ஒரு போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசியபடியே, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணி மற்றொரு போனில் ஒரே நேரத்தில் ஓடவிடலாம். ஓரிரு நொடி முன்பின் ஆனாலும் குறையில்லை, “அடடா, விழுந்துட்டான்!” என்று பாட்டி முந்திக்கொண்டு சொல்வது, என்னைக் கேட்டால், வீடியோவைவிடச் சுவையானது. முதல் முறைக்கு மூன்று நிமிடத்துக்கு மேற்படாத வீடியோவாகத் தேர்ந்தெடுங்கள்.