டெல்டாவில் இருந்துகொண்டே அஃபெக்ஸ் ட்வின் சிடிக்களைச் சேர்ப்பது எப்படி

காசை வெளியே எடுப்பதற்கு முன்னால் ஒரு பட்டியல் போடுங்கள். ரிச்சர்ட் டி. ஜேம்ஸ் என்ற ஒரே மின்னணு இசைக்கலைஞர்தான் அஃபெக்ஸ் ட்வின், ஏஎஃப்எக்ஸ், பாலிகன் விண்டோ, காஸ்டிக் விண்டோ என்று பல பெயர்களில் இசை வெளியிட்டிருக்கிறார். லேபிளும், அதாவது இசையை வெளியிடும் நிறுவனமும், ஒன்றில்லை. பெல்ஜியத்து ஆர் அண்ட் எஸ்ஸின் கிளையான அப்பல்லோ, இங்கிலாந்தின் வார்ப், 1991இல் நண்பரோடு சேர்ந்து அவரே தொடங்கிய ரெஃப்லெக்ஸ் என்று சிதறிக் கிடக்கிறது. அஃபெக்ஸ் ட்வின் என்று மட்டும் தேடினால் பாதி கண்ணிலேயே படாது. இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம் உண்டு, அதில் இருக்கும் கேட்டலாக் எண்ணை, அதாவது லேபிள் அந்தப் பதிப்புக்குக் கொடுத்த எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள், இனி நீங்கள் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

எல்லாமே அரிதில்லை. 1999இல் வந்த விண்டோலிக்கர், 2001இல் வந்த இரட்டை சிடி ட்ரக்ஸ் எல்லாம் நிதானமாக வாங்கலாம், எப்போதும் யாராவது ஒருவர் விற்றுக்கொண்டுதான் இருப்பார். நான் முதலில் தேடச் சொல்வது ரெஃப்லெக்ஸ் சிடிக்களை. 1998இல் வந்த காஸ்டிக் விண்டோ தொகுப்பும், அனலார்ட் என்ற பெயரில் 2005இல் ரெக்கார்டுகளாக வந்தவற்றிலிருந்து பொறுக்கிப்போட்ட 2006ஆம் ஆண்டு சோசன் லார்ட்ஸும் கையில் இருந்தால், ரெக்கார்டு பிளேயர் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய நிம்மதி. பாலிகன் விண்டோ பெயரில் வந்த சர்ஃபிங் ஆன் சைன் வேவ்ஸ் 1993 பதிப்பைவிட 2001 மறுபதிப்பில் இரண்டு டிராக் கூடுதல். கேட்பதற்கு என்றால் பிந்தையதை வாங்குங்கள்.

சேர்க்கிறவர்களைப் பைத்தியமாக்குவது 1994இல் வார்ப் வெளியிட்ட செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸின் இரண்டாம் தொகுதி. ரெக்கார்டில் இருந்த பத்தொன்பதாவது டிராக், ரசிகர்கள் ஸ்டோன் இன் ஃபோகஸ் என்று சொல்வது, இரண்டு சிடிக்குள் அடங்காமல் விடுபட்டுப் போனது. அமெரிக்க சிடியில் இன்னும் ஒன்று குறைந்து 23தான். ஸ்டோன் இன் ஃபோகஸ் என்ற அந்த ஒரு டிராக்குக்காகவே எக்ஸ்கர்ஷன்ஸ் இன் ஆம்பியன்ஸ் வரிசையின் மூன்றாவது கலவைத் தொகுப்பை, மற்றவர்களின் பாட்டெல்லாம் நிறைந்த ஒரு சிடியை, ஆட்கள் தேடித் தேடி வாங்கினார்கள். 2024இல் வார்ப் விரிவாக்கப்பட்ட பதிப்பை மூன்று சிடிக்களாகக் கொண்டுவந்துவிட்டது. ஆகவே இசைதான் வேண்டும் என்றால் புதியதை வாங்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். பழைய பதிப்பேதான் வேண்டும் என்றால், வார்ப் சிடி 21 என்ற எண்ணைப் பார்த்து, 24 டிராக் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, விற்பவர் சொல்வதை எப்படி நம்புவது? நம்ப வேண்டாம், படம் கேளுங்கள். அட்டைப் படம் போதாது. சிடியின் அடிப்பக்கம், நடு ஓட்டையைச் சுற்றிய வளையம் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும். அந்த வளையத்தில் சிடியை அடிக்கும்போது இடும் மேட்ரிக்ஸ் எண் பொறித்திருக்கும், அதை டிஸ்காக்ஸ் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். அதன் பக்கத்திலோ உள்ளே கண்ணாடிபோல் தெரியும் பகுதியிலோ ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் பொடி எழுத்துகள் இருக்கின்றனவா பாருங்கள். எந்தத் தொழிற்சாலையில் அடித்தது என்று காட்டும் அந்தக் குறியீடு 1994இல்தான் வழக்கத்துக்கு வந்தது. யாராவது செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் 85-92ஐ 1992ஆம் ஆண்டின் முதல் பதிப்பு என்று சொல்லி விற்கும்போது அந்த எழுத்து தெரிந்தால் அது பிற்காலத்தில் அடித்தது, விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆனால் எழுத்து இல்லை என்பதாலேயே பழையது என்று முடிவு கட்டக் கூடாது, எல்லாத் தொழிற்சாலையும் உடனே அதைப் பொறிக்கத் தொடங்கிவிடவில்லை. அடிப்பக்கம் பச்சையோ ஊதாவோ அடித்தால் அது கம்ப்யூட்டரில் எழுதிய சிடி, தொடவே வேண்டாம்.

இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ தொழிற்சாலையில் 1988க்கும் 1993க்கும் இடையே அடித்த சிடிக்களில் ஒரு நோய் உண்டு. மேல்பூச்சு சரியில்லாததால் அட்டைக் காகிதத்தில் இருக்கும் கந்தகம் உள்ளே போய், ஓரத்திலிருந்து பழுப்பேறி நடு நோக்கி வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்து சிடி என்றால் விளிம்பையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வரவழைப்பதில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கும்பகோணம், மன்னார்குடி, கூத்தாநல்லூர், நாகூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் சிங்கப்பூரில் ஒரு மச்சானோ சித்தப்பாவோ இருப்பார். ஜப்பானிலிருந்தோ லண்டனிலிருந்தோ வாங்குவதை அவர் விலாசத்துக்கு அனுப்பச் சொல்லி, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள். நேரடியாக இந்தியாவுக்கு வரவழைத்தால் அனுப்பும் செலவு, சுங்க வரி, கூரியர் என்றால் ஆதார் போன்ற அடையாளச் சான்று எல்லாம் சேரும், சிடி விலையைவிட அது கூடிப்போவதும் உண்டு. பெட்டிகளைத் தனியாகக் கழற்றி, சிடியை மெல்லிய உறையில் போட்டு, உள்ளே வரும் சிறு புத்தகத்தையும் அட்டையையும் இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பெட்டி உடைந்தால் வேறு மாட்டிக்கொள்ளலாம், மடங்கிய புத்தகத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஜப்பான் பதிப்பு என்றால் முதுகில் சுற்றியிருக்கும் ஓபி காகிதப் பட்டை இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், அது இல்லாமல் வாங்கினால் பின்னால் விற்கும்போது விலை போகாது.

பத்திரப்படுத்துவதுதான் இந்த ஊரில் பெரிய பாடு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும். அட்டைக்குள் இருக்கும் பளபளப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை கையோடு வந்துவிடும். இராமபாணப் பூச்சி மடிப்பில் பசையைத் தின்னும். மழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பீரோவின் நடுத்தட்டில் அடுக்குங்கள். தரையிலும் வேண்டாம், பரணிலும் வேண்டாம், சித்திரை வெயிலில் பரண் அடுப்பாகிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடு பறந்த வீடுகளில் மேலே வைத்ததுதான் முதலில் நனைந்தது. பாச்சை உருண்டை போடவே போடாதீர்கள், அந்த ஆவி பெட்டியின் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பழைய தடித்த பெட்டிகளில் சிடிக்கு மேல் நுரைத் தாள் இருந்தால் எடுத்து எறியுங்கள், நாளாக ஆகப் பிசுபிசுத்து சிடியில் ஒட்டும்.

அழுக்கைத் துடைக்கும்போது வட்டமாகத் தேய்க்காமல், ஈரமான மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். எழுத்து அச்சிட்ட பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அலுமினியப் படலம் அதற்கு நேர் கீழேதான் இருக்கிறது, அங்கே விழும் கீறலைச் சரிசெய்ய வழியே இல்லை.

வந்த அன்றே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளில் அக்யூரேட்ரிப் வசதியை இயக்கி ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக எடுத்தால், மற்றவர்கள் எடுத்த பிரதியோடு ஒப்பிட்டு ஒவ்வொரு டிராக்கும் பிழையில்லாமல் வந்ததா என்று சொல்லும். பிழை காட்டினால் துடைத்து மறுபடி எடுங்கள், அப்புறமும் காட்டினால் அந்த அறிக்கையைச் சேமித்து, பணம் திரும்பக் கேட்கும் கெடு முடிவதற்குள் விற்பவருக்கு அனுப்புங்கள்.