வன்னி ஆறுகளில் விராலின் வாழிடத்தைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விராலுக்கு வாழிடப் பொருத்த மாதிரியுரு (ஓரிடம் மீனுக்கு எவ்வளவு ஏற்றது என்று கணிக்கிற கணக்கு) செய்யப் போகிறவர்கள் பலர், ட்ரவுட் மீனுக்கு எழுதப்பட்ட வளைகோடுகளை (ஆழம், ஒட்சிசன் போன்ற ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை பொருத்தப் புள்ளி தருபவை) எடுத்து எண்களைக் கொஞ்சம் மாற்றிப் போடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த, பரல்கல் மேல் ஓடுகிற தண்ணீர் வேண்டும். விராலோ மேலே வந்து வாயால் காற்றெடுக்கிற மீன், செவுளுக்கு மேலே அதற்கென்றே ஒரு அறை இருக்கிறது. பாசி பிடித்து நாறுகிற மடுவில் கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 1 மில்லிகிராம்தான் என்று மீற்றர் காட்டினாலும் அது அங்கே உயிரோடு இருக்கும். ட்ரவுட்டின் ஒட்சிசன் வளைகோட்டை அப்படியே விட்டால், நல்ல விரால் மடுக்கள் எல்லாம் வரைபடத்தில் பொருத்தமற்ற இடமாகிவிடும்.

மழைக்காலத்தில் மட்டும் அளந்துவிட்டு வருவதும் பெரிய பிழை. மார்கழியில் கனகராயன் ஆறு நிறைந்து ஓடும்போது எங்கு பார்த்தாலும் மீனுக்கு ஏற்ற இடமாகத்தான் தெரியும். ஆவணி, புரட்டாதியில் போய்ப் பாருங்கள்: ஓட்டம் அறுந்து மணல் தெரியும், மருத மர வேருக்குக் கீழே அங்கொன்றும் இங்கொன்றுமாக மடு கிடக்கும். அந்த மடு எவ்வளவு ஆழம், மாரி தொடங்கும் வரை தாங்குமா என்பதுதான் பெரிய விராலுக்கு முக்கியம். குஞ்சுக்குத் தேவை வேறு. மழையோடு புல் மூடிய ஆழமில்லாத ஓரங்களில் செம்மஞ்சள் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போகும், கீழே பெற்ற மீன் காவல் நிற்கும். இரண்டையும் ஒரே மாதிரியுருவில் போட்டுக் குழப்பாதீர்கள். அப்புறம், கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்துக்குக் கீழே தண்ணீர் வருவதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை. வான்கதவும் சிறுபோகத்துக்குத் திறக்கிற துருசும் (மதகும்) சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. மழைத் தரவை மட்டும் நம்பினால் அந்தப் பகுதிக் கணக்கு பிழைக்கும்.

பொருத்தப் புள்ளிகளை ஒரே எண்ணாகச் சேர்க்கும் முறையையும் யோசியுங்கள். ஆழம் 0, மறைவிடம் 1, வெப்பநிலை 0.8 என்றால் கூட்டுச் சராசரி (கூட்டி மூன்றால் வகுப்பது) 0.6 வரும், தண்ணீரே இல்லாத ஓடைக்கு! பெருக்குச் சராசரியில் (பெருக்கி மூன்றாம் மூலம் எடுப்பது) அது 0 ஆகிவிடும்.

"அங்கே பிடிபடவில்லை" என்பதை "அங்கே இல்லை" என்று எழுதாதீர்கள். தாமரைக்கொடிக்குள் வீச்சுவலை விரியாது, விரால் பதுங்குவதோ அங்கேதான். தூண்டில்காரரின் பதிவுகளும் தெருவுக்கும் குளக்கட்டுக்கும் பக்கத்திலேயே குவிந்திருக்கும். எத்தனை மணி நேரம், எந்த முறையில் முயன்றார்கள் என்று ஒவ்வொரு இடத்துக்கும் குறித்தால்தான் அந்தப் பக்கச்சாய்வைத் திருத்தலாம்.

சரிபார்ப்பிலும் கவனம் வேண்டும். ஒரே ஆற்றில் அளந்த இடங்களைக் கலைத்துப் பாதியில் மாதிரியுருவைப் பழக்கி, மீதியில் சோதித்தால் முடிவு நன்றாகத்தான் வரும், ஏனென்றால் அடுத்தடுத்த இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பறங்கியாற்றிலும் கனகராயன் ஆற்றிலும் பழக்குங்கள், பாலியாற்றை முழுதாக ஒதுக்கி வைத்து அதிலே சோதியுங்கள்.