சீனக்குடா ஹரிக்கேனும் என் எயார்பிரஷும்

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களை எதிர்க்கத் திருகோணமலைச் சீனக்குடாவில் இருந்து கிளம்பிய ஹரிக்கேன் போர்விமானத்தை 1/72 அளவு மாதிரியாகச் செய்துகொண்டிருந்தேன். இறக்கையில் பச்சையும் மண்ணிறமும் சேரும் இடம் மெல்லியதாக விழ வேண்டும். என் சிங்கிள் அக்‌ஷன் எயார்பிரஷோ (காற்றால் பெயின்ட் தூவும் கருவி; இதில் விசை காற்றை மட்டுமே திறக்கும்) வெற்றிலை எச்சில் மாதிரிப் புள்ளி புள்ளியாகத் துப்பியது.

சரி, புதிதாக வாங்கலாம் என்று முதலில் 0.2 மி.மீ. நொசில் (பெயின்ட் வெளிவரும் முனைத் துளை) உள்ளதைத்தான் பார்த்தேன். நல்ல வேளை, வாங்கவில்லை. நம் ஊர் வெக்கையில் அக்ரிலிக் பெயின்ட் நொசிலுக்குள் இருக்கும் ஊசியின் முனையிலேயே காய்ந்துவிடும். துளை சிறுத்தால் அடைப்பும் கூடும். கிண்ணம் மேலே இருக்கும் டபுள் அக்‌ஷன், 0.3 எடுத்தேன். விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். விரல் பழகுவதற்குள் வீட்டிலிருந்த யோகட் கோப்பை எல்லாம் பச்சையாகிவிட்டது.

ஆனாலும் துப்பல் நிற்கவில்லை! கொம்பிரசரில் இருந்து வரும் காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே தண்ணீர். கடற்காற்றின் ஈரம் கொம்பிரசரில் அமுங்கி, குழாயில் நீராகி நிற்கிறது. பாவம், பழையதைத் திட்டியதில் பாதி அநியாயம். பிடிக்கு அடியில் ஈரம் பிடிக்கும் சின்னக் குப்பி ஒன்றைப் பூட்டினேன். பெயின்ட் பால் பதம், அழுத்தம் 15 பிஎஸ்ஐ. இடையிடையே முனையை நனைந்த பஞ்சுக்குச்சியால் துடைக்கிறேன். இப்போது கோடு பென்சிலால் கீறியது போல விழுகிறது. பழையதை எறியவில்லை, பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்க வைத்திருக்கிறேன்.