பழைய லாரி கியர் பாக்ஸைப் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய லேலண்ட் காமெட்டோ டாடா மெர்சிடிஸ் பென்ஸோ வாங்குபவர்கள் செய்யும் முதல் தவறு, வண்டி பட்டறைக்கு வந்து சேரும் முன்பே நடந்துவிடுகிறது. இன்ஜின் ஓடாத லாரியை நியூட்ரலில் போட்டு, கட்டி இழுத்து, ஆரணியிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ சென்னைக்குக் கொண்டுவருவார்கள். வழி முழுக்கப் பின்சக்கரம் சுற்றுவதால் மெயின் ஷாஃப்ட் (பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) சுற்றும். இன்ஜின் நின்றிருப்பதால், இன்ஜினால் சுற்றும் கீழ்த்தண்டான லே ஷாஃப்ட் சுற்றாது. அடியில் கிடக்கும் ஆயிலை வாரி மேலே அடிப்பதே லே ஷாஃப்ட்தான். அது நின்றுவிட்டால் மெயின் ஷாஃப்ட்டில் கியர்களுக்கு உள்ளே இருக்கும் உலோக வளையங்களான புஷ்களுக்கு ஆயில் போகாது. ஊர் வந்து சேருவதற்குள் காய்ந்தே தேய்ந்துவிடும். பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு இழுத்தால் இந்தச் சேதமே இல்லை.

வண்டி வந்ததும் "பாக்ஸ் போச்சு" என்று முடிவுகட்டி உடனே இறக்குவது அடுத்த தவறு. ஓடுகிற நிலையில் இருந்தால் முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். நியூட்ரலில் இரைச்சல் வந்து, கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் இன்ஜின் பக்கத்திலிருந்து பாக்ஸுக்குள் வரும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங், லே ஷாஃப்ட் பேரிங் பக்கம் பார்க்க வேண்டும். மிதித்தபோதுதான் சத்தம் வருகிறது என்றால் அது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மற்ற கியர்களில் அலறிவிட்டு டாப் கியரில் மட்டும் அமைதியாக ஓடினால் லே ஷாஃப்ட். ஏனென்றால் நேரடி டாப்பில் இன்புட் ஷாஃப்ட்டிலிருந்து மெயின் ஷாஃப்ட்டுக்கு நேராகவே சக்தி போவதால் அதன்மேல் சுமை விழுவதில்லை. எல்லா கியரும் கறகறவென்று விழுகிறதா? கிளட்ச் சரியாக விடுகிறதா, ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங் இறுகிப் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகு பாக்ஸைக் குறை சொல்லலாம்.

ஆயிலை வடிக்கும்போது நேராகக் கழிவு ஆயில் டின்னில் விடாதீர்கள். சுத்தமான தட்டில் பிடித்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் மினுமினுப்பு தெரிந்தால் பித்தளை, வெண்கலப் பாகங்கள் தேய்கின்றன. காந்தத்தில் ஒட்டும் ஊசித் துகள்கள், செதில்கள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உரிகிறது. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இதை விட்டுவிடவே கூடாது. சூடான பாக்ஸ் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் எனும் காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மாதக்கணக்கில் வண்டி நின்றால், பேரிங் பாதையில் உருளை உருளையாகத் துரு வரி விழும். மேலே துடைத்தால் பளபளக்கும், ஓட்டினால் அலறும்.

பிரிக்கும் முன் அளக்காதவர்கள்தான் அதிகம். எந்தப் பக்கம் எத்தனை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), எந்தத் தடிமனில் பேக்கிங் (ஆயில் கசியாமல் இடையில் வைக்கும் தாள்), ஷாஃப்ட் முன்பின் எவ்வளவு நகர்கிறது என்பதெல்லாம் பாக்ஸ் மூடியிருக்கும்போதுதான் தெரியும். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி ஒரே தட்டில் குவித்துவிட்டால் அந்தத் தகவல் போய்விடும். பேரிங் கவரின் பேக்கிங் தடிமன் மாறினாலே ஷாஃப்ட்டின் ஆட்டம் மாறிவிடும் என்பதால் இதில் சோம்பல் கூடாது.

உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் போதும் என்று கிளம்புவார்கள். நல்ல இடங்கள்தான், ஆனால் கையில் பழைய கியரையும், அளக்க வெர்னியர் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு கியர்களில் பல் எண்ணிக்கை ஒன்று குறையலாம், சாய்வு மாறலாம். எண்ணிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றுவது பணத்தை மிச்சப்படுத்துகிற மாதிரி தெரியும். தேய்ந்த பல்லோடு புதுப் பல் ஓடினால் சத்தமும் வரும், புதியதும் சீக்கிரம் போகும். கிடைத்தால் ஜோடியாகவே வாங்குங்கள்.

பேரிங்கில் நடக்கும் தவறு இன்னும் மோசம். 6309 என்றால் உள் விட்டம் 45 மில்லிமீட்டர். அதே எண்ணோடு என்ஆர் என்று சேர்ந்திருந்தால் வெளிவளையத்தில் காடியும் லாக் வளையமும் உண்டு. அந்த இரண்டு எழுத்தைப் பார்க்காமல் வெறும் 6309 வாங்கி வந்தால், பேரிங் உட்காரும், ஆனால் நகரும். பிரிட்டிஷ் வழியில் வந்த வண்டிகளில் அங்குல அளவு பேரிங்குகளும் இருக்கும். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர், 25-ஐக் கொடுத்து "சரியாயிடும்" என்பார்கள், ஆகாது. லூசாக இருக்கும் ஷாஃப்ட்டில் பஞ்ச் அடித்துப் புள்ளி வைத்து இறுக்குவது நம் பட்டறைகளில் சகஜம். அந்தப் புள்ளிகள் கொஞ்ச நாளில் நசுங்கி, வளையம் ஷாஃப்ட்டின்மேல் சுற்ற ஆரம்பிக்கும். லேத்தில் கொடுத்து ஷாஃப்ட்டை முறையாகச் சரிசெய்வதுதான் வழி. பேரிங்கை ஏற்றும்போது கேஸ் நெருப்பு காட்டாதீர்கள். ஆயிலில் 80, 90 டிகிரி வரை சூடாக்கினால் தானாக வழுக்கி உட்காரும். வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டி உள்வளையத்தை ஏற்றினால், அடி முழுக்கக் குண்டுகள் வழியாகத்தான் போகும். அங்கே விழும் குழி கண்ணுக்குத் தெரியாது.

கியர் துள்ளி வெளியே வந்துவிடுகிறது என்று டாக் பல்லை (கியரைப் பூட்டிப் பிடிக்கும் பக்கவாட்டுப் பல்) அரைத்துக் கூர்மையாக்குகிறார்கள். பல்லின் கடினமான தோல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதை அரைத்து எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது மென்மையான இரும்பு. வெல்டிங் வைத்துப் பல் கட்டுவதும் அதே கதை. சூடு பட்டதும் சுற்றியுள்ள கடினம் போய்விடும். துள்ளுவதற்குச் செலக்டர் ஃபோர்க்கின் (கியரைத் தள்ளும் கவை) தேய்மானமோ, கியரை இடத்தில் பிடித்து வைக்கும் குண்டுக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங் சோர்ந்துபோனதோ காரணமாக இருக்கலாம். அதை முதலில் பார்த்தால் செலவும் குறையும்.

செலக்டர் என்றதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஃபோர்க்குகளைத் தாங்கும் செலக்டர் கம்பிகளுக்கு நடுவில் விரல் நுனி அளவுகூட இல்லாத ஒரு இன்டர்லாக் பின் இருக்கும். ஒரு கம்பி நகர்ந்தால் மற்றவை நகராமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. கழுவும்போது உருண்டு போய்விடும். மூடும்போது யாரும் தேட மாட்டார்கள். அது இல்லாமலும் பாக்ஸ் மூடிக்கொள்ளும், கியரும் விழும். ஒருநாள் அவசரத்தில் இரண்டு கியர் ஒன்றாக விழுந்தால் பாக்ஸ் பூட்டிக்கொள்ளும். ஓடும்போது அப்படி நடந்தால் பின்சக்கரம் நின்றுவிடும். பூந்தமல்லி சாலையில் பத்து டன் வண்டியோடு அது நடப்பதை நினைத்துப் பாருங்கள். மேல்மூடியைப் போடும் முன், ஒரு கம்பியை கியரில் தள்ளிவிட்டு அடுத்ததை அசைத்துப் பாருங்கள். அசைந்தால் மூடாதீர்கள்.

முன்கவரின் பேக்கிங்கைத் தலைகீழாக வைத்தால் ஆயில் திரும்பும் துளை அடைபட்டு, ஆயில் கிளட்ச் பிளேட்டுக்குப் போகும். சிலிக்கானை அப்பினாலும் அதே ஆபத்து உண்டு. பாக்ஸைத் தூக்கி மாட்டும்போது அதன் எடையைக் கிளட்ச் பிளேட்டில் தொங்கவிடாதீர்கள், பிளேட்டின் நடுப்பகுதி வளையும். வழிகாட்டியாக நீண்ட கைடு ஸ்டட் (தலையில்லாத போல்ட்) இரண்டு போட்டால் தானாக நேரே வரும்.

ஆயிலில், வெண்கல புஷ் உள்ள பழைய பாக்ஸுக்கு ஜிஎல்-5 தர கியர் ஆயில் வேண்டாம். அதில் உள்ள கந்தகச் சேர்க்கை மஞ்சள் உலோகத்தை அரிக்கக்கூடும். கையேடு சொல்வதை ஊற்றுங்கள். சில கையேடுகள் இன்ஜின் ஆயில் சொல்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எஸ்ஏஇ 90 கியர் ஆயிலும் 40, 50 இன்ஜின் ஆயிலும் கெட்டியில் ஏறத்தாழ ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. சத்தம் அடங்கட்டும் என்று இன்னும் கெட்டியான 140 கியர் ஆயிலை ஊற்றினால் தேய்மானம் மறையும், நிற்காது.

கடைசியாக, ரோட்டில் இறக்கும் முன் பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, எல்லா கியரிலும் சற்று நேரம் ஓடவிட்டு, பேரிங் கவரைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அங்கே இறுக்கம் அதிகம், ஷிம்மைத் திரும்பப் பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றி, மறுபடி காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை இருந்தால் புதுப் பல் பழகுகிறது, அது இயல்பு. செதில் இருந்தால் தயங்காமல் திறந்துவிடுங்கள்.