பக்கவாதம் வந்த பெரியவரை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி

பல் தேய்த்துவிட்டுக் கொப்பளிக்கிற தண்ணீர் ஒரு பக்கமாக வழிகிறது, காபி டம்ளர் கையில் நிற்க மாட்டேன் என்கிறது, பேச்சு குழறுகிறது. பெரியவர்களுக்குத் திடீரென்று இப்படி ஏதாவது ஒன்று நடந்தால் முதலில் ஸ்ட்ரோக், அதாவது பக்கவாதம் என்றே நினையுங்கள், பித்தம், அசதி, ராத்திரி தூங்கவில்லை என்பதெல்லாம் அப்புறம். சிரிக்கச் சொல்லுங்கள், இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள், பேரன் பேத்தி பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை இறங்கினாலோ, சொல் குழறினாலோ உடனே 108. அரை மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போயே ஆக வேண்டும், ஏனென்றால் பெரிய ஸ்ட்ரோக்குக்கு முன்னால் இப்படிச் சின்னதாக ஒன்று வந்து போவது உண்டு.

ஆம்புலன்ஸ் வருவதற்குள், அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கப் போவது அதைத்தான். தூங்கி எழுந்தபோதே கை கால் இழுத்திருந்தால், முந்தின இரவு படுக்கப் போன நேரம்தான் கணக்கு. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் ரத்தக்கட்டை வெளியே எடுக்கும் சிகிச்சைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கலாம், ஆனால் அதை நம்பித் தாமதிக்காதீர்கள். தெருமுனை நர்சிங் ஹோமில் ஒரு டிரிப்ஸ் போட்டுப் பார்ப்போம் என்று போனால் அந்த நேரம் அங்கேயே கரைந்துவிடும். இருபத்துநாலு மணி நேரமும் சி.டி. ஸ்கேன் ஓடுகிற இடத்துக்குப் போங்கள். சென்னையில் அரசு மருத்துவமனை என்றால் சென்ட்ரல் எதிரே இருக்கிற ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம். ஸ்ட்ரோக்கில் பத்துக்கு எட்டு அடைப்பால் வருவது, மீதி ரத்தக்கசிவு. வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது. அதனால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், பி.பி. மாத்திரையும் கூடுதலாகப் போடாதீர்கள், ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம். சர்க்கரை நோயாளி என்றால் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு பார்த்து அளவைச் சொல்லுங்கள், சர்க்கரை ரொம்ப இறங்கினாலும் இதே மாதிரிதான் இருக்கும்.

சரி, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தாயிற்று. இங்கேதான் நிறைய வீடுகளில் பாசத்தாலேயே கெடுதல் நடக்கிறது, அதில் முதல் இடம் சாப்பாட்டுக்கு. ஸ்ட்ரோக்கில் தொண்டைத் தசையும் பலவீனமாகும், விழுங்குவது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். புரையேறினால் இருமுவார், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், சிலருக்கு இருமலே வராது. வாய் வழியாக ஊட்டலாமா, எந்தப் பதத்தில் ஊட்டலாம் என்று டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கெட்டியான கஞ்சியைவிடச் சாதாரணத் தண்ணீர்தான் இவர்களுக்குச் சிரமம், சட்டென்று ஓடி இறங்கிவிடும், தொண்டை அதற்குள் மூடாது. ரசம் சாதம் லேசான சாப்பாடு என்று எல்லோரும் கொடுக்கிறோம், ஆனால் தண்ணியும் பருக்கையும் கலந்தது விழுங்குவதற்குக் கடினமான வகை. குழைய மசித்த தயிர்சாதம், ராகிக் கூழ், நன்றாகப் பிசைந்த இட்லி பரவாயில்லை.

நேராக உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், முகவாய் லேசாகக் கீழே இருக்கட்டும். நீங்களும் எதிரே உட்காருங்கள், நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்துவிடுவார். அரை ஸ்பூன், நல்லா இருக்கிற பக்கத்துக் கன்னத்தில். விழுங்கினாரா என்று பார்த்துவிட்டு அடுத்தது. டிவியை அணைத்துவிடுங்கள், சீரியல் அரை மணி நேரம் காத்திருக்கும். முடிந்ததும் செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் சாதம் ஒதுங்கியிருக்கிறதா பார்த்து வாயைச் சுத்தம் செய்துவிட்டு, இன்னும் அரை மணி நேரம் உட்காரவே வையுங்கள். மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தால் தலைப்பக்கத்தை உயர்த்தாமல் ஊற்றாதீர்கள், ஊற்றி முடித்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைக் கூடாது என்று டாக்டரிடம் கேளுங்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர் யாராவது நிச்சயம் இளநீரோடு வருவார், "ஒரு வாய்தானே" என்பார். வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நீங்கள் குடியுங்கள்.

அடுத்தது தோள்பட்டை. செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், அக்குளுக்குள் கைவிட்டும் தூக்காதீர்கள். தசை பிடிமானம் இல்லாததால் தோள் மூட்டு இறங்கிவிடும், அந்த வலி வந்துவிட்டால் பிசியோதெரபிக்கே கையைக் கொடுக்க மாட்டார். இடுப்பில் கெட்டியான துண்டைச் சுற்றி அதைப் பிடித்துத் தூக்குங்கள், நாற்காலி அவருடைய நல்ல பக்கத்தில் இருக்கட்டும். உட்கார்ந்தாலும் படுத்தாலும் அந்தக் கைக்குக் கீழே ஒரு தலையணை. சட்டை போடும்போது செயலிழந்த கைக்கு முதலில், கழற்றும்போது நல்ல கைக்கு முதலில்.

படுக்கைப்புண் சென்னை வெயிலில் சீக்கிரம் வரும், அதுவும் மே மாதத்தில் ரெக்சின் விரிப்பின் மேல் வியர்த்துக் கிடந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், ராத்திரியும்தான். இழுக்காமல் விரிப்போடு தூக்கி மாற்றுங்கள். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்பு, கறுத்த தோலில் என்றால் நிறம் மாறிச் சூடாக இருக்கிற இடம், அதுதான் தொடக்கம். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், பாரம் படாமல் வைத்தாலே போதும். காற்றுப் படுக்கை வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் பக்கம் மாற்றுவது நிற்கக் கூடாது, மழை நாளில் கரண்ட் போனால் அதன் மோட்டாரும் நின்றுவிடும்.

மரத்துப்போன பக்கத்தில் சூடு தெரியாது. வெந்நீரை உங்கள் கையில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், ஒத்தடம் வேண்டவே வேண்டாம். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படாமல்.

பேச்சு போனவருக்குப் புத்தி போகவில்லை. சத்தமாகப் பேசுவதாலும் பயனில்லை. ஆமாம், இல்லை என்று தலையசைத்தால் போதும் என்கிற மாதிரி கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். காரணமே இல்லாமல் அழுவார், சில சமயம் சிரிப்பார், அதுவும் மூளையில் பட்ட அடிதான். ஆனால் வாரக்கணக்கில் சோர்ந்து, சாப்பாடு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து இருக்கிறது.

முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், பிசியோதெரபியை அப்போது தள்ளிப்போடாதீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவதுண்டு, உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். முதியோருக்கென்றே கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது. புறா ரத்தம் தடவினால் கை வரும் என்று சொல்கிறவரிடம் சண்டை போட வேண்டாம், தலையாட்டி அனுப்பிவிடுங்கள்.

ஒரு ஸ்ட்ரோக் வந்தவருக்கு இன்னொன்று வருகிற வாய்ப்பு அதிகம். பி.பி. நார்மலாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள், மாத்திரையால்தான் அது நார்மலாக இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற மாத்திரையைப் பல் பிடுங்குவதற்காகக்கூட டாக்டரைக் கேட்காமல் விடக் கூடாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றுக்கும் விடை கொடுங்கள்.

ஏஜென்சி மூலம் அட்டெண்டர் வைத்தால், சேரும் அன்றே ஊட்டுவதையும் தூக்குவதையும் உங்கள் எதிரில் செய்யச் சொல்லிப் பாருங்கள், ரொம்ப நல்லவர் என்ற சிபாரிசைவிட அது முக்கியம். பக்கம் மாற்றிய நேரம், கொடுத்த மாத்திரை, பி.பி., போன சிறுநீர், மலம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கட்டில் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஃபைலோடு அதையும் எடுத்துப் போங்கள்.